வார்னிஷ் அடிக்கலாமா, அம்மா?

தூரிகைக் கேள்விகள்: இந்த மாதம் வார்னிஷ் மட்டும்

சென்ற இதழில் அக்ரிலிக் வண்ணங்களைப் பற்றி எழுதியபோது, "வார்னிஷ் கதை தனி, அதைப் பிறகு பார்ப்போம்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டு மறந்துவிட்டேன். வாசகர்கள் மறக்கவில்லை. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதே கேள்விதான். ஆகவே இந்த மாதம் வேறு பேச்சில்லை.

நான் வேதியியல் படித்தவள் அல்ல. கும்பகோணத்தில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தவரின் மகள். அதே ஊர் ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு, முப்பது வருடமாகக் கான்வாஸில் அக்ரிலிக் தீட்டி வருகிறேன். இங்கே நான் சொல்வதில் பாதி, புட்டிகளின் முதுகில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பது. மீதிப் பாதி, நானே கெடுத்த படங்கள் கற்றுக்கொடுத்தது.

*

தாமிரபரணிப் படித்துறையை 2 அடிக்கு 3 அடி கான்வாஸில் அக்ரிலிக்கில் வரைந்திருக்கிறேன். பெங்களூரில் மகள் வீட்டுக் கூடத்தில் மாட்டப் போகிறோம். கடையில் பளபளப்பு, சாட்டின், மேட் என்று மூன்று புட்டிகளை எடுத்து வைத்தார்கள். எதை வாங்குவது? "அக்ரிலிக்கே ஒரு பிளாஸ்டிக்தானே, அதன் மேல் வார்னிஷ் எதற்கு?" என்று கேட்கிறார் பக்கத்து வீட்டு ஓவியர். அவர் சொல்வது சரியா, அம்மா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, பாளையங்கோட்டை

உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பாதி சரி. அக்ரிலிக் பிளாஸ்டிக்தான். ஆனால் வாளி, குடம் போன்ற கெட்டிப் பிளாஸ்டிக் அல்ல. தண்ணீர் ஆவியான பிறகு மிஞ்சும் அந்தப் படலம் நம் ஊர் வெயிலில் மெத்தென்றுதான் இருக்கும். மே மாத மத்தியானம் கான்வாஸின் ஓரத்தில் நகத்தை மெல்ல அழுத்திப் பாருங்கள், தெரியும். மெத்தென்று இருக்கும் எதுவும் தூசியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கூடத்தில் மாட்டும் படத்தின் மீது என்னவெல்லாம் படியும் என்று எண்ணிப் பாருங்கள்: கொசுவத்திப் புகை, சாம்பிராணி, விளக்கின் கரி, சமையலறையிலிருந்து மிதந்து வரும் எண்ணெய்ப் பிசுக்கு, ஈ வைத்துவிட்டுப் போகும் கரும்புள்ளி. பல்லியைத் தனியாகச் சொல்ல வேண்டும். என் வீட்டுப் பல்லிக்குப் படத்தில் வெளிர் நிறம் எங்கே இருக்கிறதோ அங்கே உட்கார்ந்துதான் வேலை நடக்கும்.

இவற்றைத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துவிடலாமே என்றால், வெறும் அக்ரிலிக் பரப்பு அதற்கு இணங்காது. தண்ணீர் பட்டால் சற்று ஊதும். அழுத்தித் துடைத்தால் நிறமும் கொஞ்சம் துணியோடு வரும். வண்ணத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய படலம் இருந்தால், அழுக்கு அதன் மேல் தங்கும். பத்து, இருபது வருடம் கழித்து அந்தப் படலத்தையே கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகப் பூசிக்கொள்ளலாம். வார்னிஷின் வேலை அதுதான். பளபளப்பு என்பது உபரி.

ஆகவே கடைக்காரரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எவ்வளவு மின்னும்?" என்பதல்ல. "இதை எதைக் கொண்டு கழற்றுவது?" என்று கேளுங்கள். அவர் விழித்தால் புட்டியைத் திருப்பிப் பாருங்கள். அம்மோனியா என்றோ, மினரல் ஸ்பிரிட் (பெட்ரோலியக் கரைப்பான்) என்றோ போட்டிருந்தால் அது கழற்றக்கூடிய வார்னிஷ். நிரந்தரம் என்று பெருமையாகப் போட்டிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். கழற்ற முடியாத சட்டையைக் குழந்தைக்குப் போடுவோமா?

இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் என் அப்பா. அவர் குங்கிலியத்தைப் பொடித்து, டர்பண்டைனில் ஊறவைத்து, வடிகட்டித் தாமே வார்னிஷ் செய்வார். திருக்கடவூர்க் குங்கிலியக் கலயர் மனைவியின் தாலியைக் கொடுத்து வாங்கியது இதைத்தான். அவர் இறைவனுக்குத் தூபம் போட்டார், அப்பா படங்களுக்குப் பூசினார். ரவிவர்மா அச்சுப் படங்கள் பழுதாகிக் கடைக்கு வரும்போது அவர் அந்த வார்னிஷை ஒரு கை அடித்துத் தருவார். அன்றைக்குக் கண்ணாடி போல இருக்கும். பத்துப் பன்னிரண்டு வருடம் போனால், வெள்ளைச் சேலையில் இருந்த சரஸ்வதி மஞ்சள் சேலைக்கு மாறியிருப்பாள். "வயசானா எல்லாருக்கும் மஞ்சள்தான்" என்று அப்பா சிரித்துக்கொள்வார். ஆனால் அந்தக் குங்கிலியப் பூச்சைக் கரைத்து எடுக்க முடிந்தது. சிலவற்றை அவரே பஞ்சால் உருட்டி உருட்டி எடுத்திருக்கிறார், அடியில் வெள்ளை மறுபடி தெரிந்தது. மஞ்சளானது குற்றமல்ல, கழற்ற முடியாமல் போவதுதான் குற்றம் என்பது அன்று மனத்தில் பதிந்தது.

எண்ணெய் வண்ணத்துக்கு ஐந்நூறு வருடத்துக்கு மேல் அனுபவம் இருக்கிறது. தண்ணீரில் கரையும் அக்ரிலிக்கை அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஹென்றி லெவிசன் லிக்விடெக்ஸ் என்ற பெயரில் கொண்டுவந்தது 1955இல். எழுபது வருடம்தான் ஆகிறது. இத்தனை இளைய பொருளின் மேல் "என்றென்றைக்கும்" என்று எதையும் பூச எனக்குத் தைரியம் இல்லை.

இனி மூன்று புட்டிகளுக்கு வருகிறேன். பளபளப்பு வகை நிறங்களை ஆழமாக்கும். நீலம் ஈர நீலமாகும், கறுப்பு கிணறு போலாகும். ஆனால் எதிரே ஜன்னல் இருந்தால் படித்துறைக்குப் பதில் ஜன்னல்தான் தெரியும். மேட் வகை ஜன்னலை மறைக்கும், ஆனால் நிறங்களின் மேல் லேசாகத் திருநீறு தூவியது போல் ஆக்கிவிடும். சாட்டின் நடுவே நிற்பது. உங்கள் படத்தில் தண்ணீர் இருக்கிறது, அடர்ந்த நிழல் இருக்கும், கூடத்தில் ஜன்னலும் இருக்கும் என்று நினைக்கிறேன். சாட்டின் வாங்குங்கள். மகள் வீட்டுச் சுவர் ஜன்னலுக்கு எதிரே இல்லை என்று தெரிந்தால் பளபளப்பு.

பூசும் விதம்: படம் தீட்டி முடித்து இரண்டு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். கத்தியால் தடிமனாக அப்பியிருந்தால் ஒரு மாதத்துக்கு மேல் பொறுங்கள், மேலே தொட்டால் காய்ந்திருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். அறையைப் பெருக்கி, தரையில் வாசல் தெளிப்பது போல் தண்ணீர் தெளித்து, மின்விசிறியை நிறுத்தி, ஒரு மணி நேரம் கதவை மூடி வையுங்கள். பறக்கிற தூசி அடங்கிவிடும். படத்தை மேசை மேல் மட்டமாகப் படுக்க வையுங்கள். வார்னிஷை ஓர் அகலமான கிண்ணத்தில் ஊற்றிக்கொள்ளுங்கள், புட்டிக்குள் பிரஷை விடாதீர்கள். 3 அங்குல அகலமுள்ள, மெத்தென்ற செயற்கை மயிர்ப் பிரஷ் போதும். ஒரு ஓரத்தில் தொடங்கி மறு ஓரம் வரை இழுத்துக்கொண்டே போங்கள். பூசிய இடம் இறுகத் தொடங்கியதும் "இங்கே ஒரு புள்ளி விட்டுப்போயிற்றே" என்று திரும்பிப் போகக் கூடாது. அந்த ஆசைதான் பாதிப் படங்களைக் கெடுக்கிறது. விட்டுப்போன புள்ளியை இரண்டாவது பூச்சு பார்த்துக்கொள்ளும். முதல் பூச்சு நெடுக்கு என்றால் இரண்டாவது குறுக்கு. இரண்டும் மெல்லியதாக. வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழும்படி தலையைச் சாய்த்துப் பாருங்கள், எங்கே பட்டது எங்கே படவில்லை என்று தெரியும். மூக்குக்கண்ணாடி போடுபவர் என்றால் அதைப் போட்டுக்கொண்டு.

*

வார்னிஷுக்கு முன் "ஐசொலேஷன் கோட்" என்று ஒன்று பூச வேண்டும் என்கிறார்கள். இன்னொரு புட்டி விற்கும் தந்திரமா இது?
— ஓவிய மாணவர், கோயம்புத்தூர்

தந்திரம் இல்லை, தம்பி. நானும் அப்படித்தான் முதலில் நினைத்தேன்.

நான் அதை இடைப்பூச்சு என்பேன். வார்னிஷைக் கழற்றும் நாளில், வண்ணத்துக்கும் கழற்றும் திரவத்துக்கும் நடுவில் நிற்பது அது. கழற்றுபவர் பஞ்சை உருட்டிக்கொண்டே போகும்போது வார்னிஷ் எங்கே முடிகிறது, படம் எங்கே தொடங்குகிறது என்று கைக்குத் தெரிய வேண்டுமல்லவா? இடைப்பூச்சு இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும். இன்னொரு பயனும் உண்டு. உன் படத்தில் சில இடம் வண்ணம் தடித்து மூடியிருக்கும், சில இடம் தண்ணீர் போல் ஓடி வறண்டிருக்கும். வறண்ட இடம் வார்னிஷை உறிஞ்சிக்கொள்ளும், மூடிய இடம் உறிஞ்சாது. விளைவு, திட்டுத்திட்டாக ஒரு பளபளப்பு. இடைப்பூச்சு முதலில் போனால் எல்லா இடமும் ஒரே தாகத்தில் இருக்கும்.

தனிப் புட்டி வாங்க வேண்டியதில்லை. பளபளப்பு வகை சாஃப்ட் ஜெல் (நிறமில்லாத அக்ரிலிக் கூழ்) இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. மெதுவாகக் கலக்கி, மூடி, ஓர் இரவு வைத்துவிடு. குமிழிகள் தாமே மேலே வந்து உடைந்துவிடும். அவசரப்பட்டு முட்டை அடிப்பது போல் அடித்தால் நுரையைத்தான் படத்தின் மேல் பூசுவாய். மேட் ஜெல்லை இதற்கு எடுக்காதே, படத்தின் மேல் நிரந்தரமான மூடுபனி வந்துவிடும். ஆம், நிரந்தரம்தான். இடைப்பூச்சு கழற்ற முடியாதது, அது படத்தின் பகுதியாகவே ஆகிவிடுகிறது. அதனால் முதல் தடவை நல்ல படத்தில் செய்யாமல், கல்லூரிப் பயிற்சிக் கான்வாஸ் ஒன்றில் செய்து பார்.

தண்ணீர் வார்னிஷா, ஸ்பிரிட் வார்னிஷா என்றும் கேட்டிருக்கிறாய். கோல்டன் நிறுவனத்தின் பாலிமர் வார்னிஷ் தண்ணீரில் கலப்பது, அம்மோனியாவால் கழற்றுவது. அதே நிறுவனத்தின் எம்.எஸ்.ஏ., லிக்விடெக்ஸின் சோலுவார் இரண்டும் மினரல் ஸ்பிரிட்டால் கழற்றுவன. அம்மோனியா அடியில் இருக்கும் அக்ரிலிக்கையும் கொஞ்சம் சீண்டும், மினரல் ஸ்பிரிட் அவ்வளவு சீண்டாது. ஆகவே கைவசம் காற்றோட்டமான இடம் இருந்தால் ஸ்பிரிட் வகையே என் தேர்வு. விடுதி அறையில் நாலு பேரோடு படுத்துத் தூங்குகிறாய் என்றால் தண்ணீர் வகை. அறைத் தோழர்களின் நுரையீரல் படத்தை விட முக்கியம்.

ஒரே ஓர் எச்சரிக்கை. கழற்றுவதற்கு என்று வன்பொருள் கடையில் போய் "தின்னர்" கேட்காதே. பெயின்ட் கடைகளில் தின்னர் என்று தருவது பெரும்பாலும் டொலுவீன், அசிட்டோன் போன்றவை சேர்ந்த கலவை. அது வார்னிஷை மட்டுமா எடுக்கும், கீழே இருக்கும் அக்ரிலிக்கையும் கூழாக்கிவிடும். மினரல் ஸ்பிரிட் வேண்டுமானால் மினரல் டர்பண்டைன் என்று கேள். அப்போதும் புட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படி.

*

இரவு வானம் வரைந்தேன், பெரும்பகுதி கறுப்பு. மேட் வார்னிஷ் மூன்று முறை அடித்ததும் வானமெல்லாம் சாம்பல் பூத்துவிட்டது. அழுகையாக வருகிறது அக்கா.
— வாசகி, நாகர்கோவில்

அழாதீர்கள், பாதியாவது மீட்டுவிடலாம்.

மேட் வார்னிஷ் என்பது பளபளப்பு வார்னிஷில் மிக நுண்ணிய சிலிக்காப் பொடியைக் கலந்தது. அந்தப் பொடி வெளிச்சத்தைச் சிதறடிப்பதால்தான் மினுக்கம் அடங்குகிறது. ஒரு பூச்சில் இருக்கும் பொடி போதும். மூன்று பூச்சு அடித்தால் மூன்று மடங்கு பொடி, கறுப்புக்கு மேல் அது மூடுபனியாகத்தான் தெரியும். வெளிர் நிறப் படத்தில் இதே தவறைச் செய்திருந்தால் உங்களுக்குத் தெரிந்தேயிருக்காது. அதோடு, புட்டியை நன்றாகக் கலக்காமல் மேலாக ஊற்றிப் பூசியிருந்தீர்களோ? அடியில் தங்கிய பொடியெல்லாம் மூன்றாவது பூச்சில் மொத்தமாக வந்திருக்கும். புட்டியைக் குலுக்கக் கூடாது, குமிழி வரும். சாய்த்து உருட்டி, பிறகு ஒரு குச்சியால் அடியைச் சுரண்டிக் கலக்க வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது: ஒரு மூலையில் மட்டும், அதே வகையைச் சேர்ந்த பளபளப்பு வார்னிஷை மெல்லியதாக ஒரு பூச்சு பூசிக் காயவிடுங்கள். கறுப்பு திரும்பி வந்தால் முழுவதும் அதையே செய்துவிடலாம். மின்னுமே என்றால், மின்னட்டும், இரவு வானம்தானே. மூலையில் சரிவரவில்லை என்றால், கழற்றக்கூடிய வகை வார்னிஷாக இருக்கும்பட்சத்தில், புட்டியில் சொன்ன திரவத்தைப் பஞ்சில் நனைத்து மெதுவாக உருட்டி எடுங்கள். தேய்க்காதீர்கள். பஞ்சில் கறுப்பு ஏறத் தொடங்கினால் அந்த நொடியே நிறுத்திவிடுங்கள், அது உங்கள் வானம்.

அடுத்த முறை முதல் பூச்சுகளெல்லாம் பளபளப்பு வகையில், கடைசி ஒன்று மட்டும் மேட். கடைசிப் பூச்சு எதுவோ அதுதான் கண்ணுக்குத் தெரியும்.

*

மரச்சாமானுக்கு அடிக்கும் வார்னிஷ் மீதம் இருக்கிறது. அல்லது தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கலந்து பூசினால் கண்ணாடி போல் வருமாமே?
— வாசகர், பெரம்பூர்

மீதமிருக்கும் வார்னிஷை நாற்காலிக்கு அடியுங்கள். நாற்காலி மஞ்சளானால் யாரும் வருந்த மாட்டார்கள். பசை ஒட்டுவதற்கு. காய்ந்ததும் கண்ணாடி போல்தான் இருக்கும், ஐப்பசி மழையில் மறுபடி பிசுபிசுக்கும், பிறகு அதைக் கழற்ற வழியே கிடையாது. தலைக்கு அடிக்கும் ஹேர் ஸ்பிரேயைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தலைக்கு.

*

உதகையில் ஜனவரி மாதம் ஒரு படத்துக்குத் தண்ணீர் வார்னிஷ் பூசினேன். காலையில் பார்த்தால் சில இடத்தில் வெண்மையாக, சில இடத்தில் மெல்லிய விரிசலோடு இருக்கிறது. போலி வார்னிஷா?
— வாசகர், உதகமண்டலம்

வார்னிஷ் மேல் பழி போடாதீர்கள், பழி குளிர் மேல். தண்ணீரில் மிதக்கும் அக்ரிலிக் நுண்துளிகள், தண்ணீர் போன பிறகு ஒன்றோடொன்று உருகி இணைந்தால்தான் படலம். தோசைமாவு கல்லில் பரவி ஒன்றாவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கல் சில்லென்றிருந்தால் மாவு மாவாகவே காயும். அக்ரிலிக்குக்கு அந்தக் கல் சூடு ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸ். உங்கள் ஊர் ஜனவரி இரவு அதற்கு வெகு கீழே போய்விடுகிறது. சமவெளியில் இருக்கும் எங்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. எங்களுக்கு வேறு தொல்லைகள்.

இணையாத படலம் மறுபடி சூடேற்றினாலும் சேராது, கழற்றித்தான் ஆக வேண்டும். அடுத்த முறை படம், புட்டி, பிரஷ் மூன்றையும் முதல் நாளே கதகதப்பான அறையில் கொண்டுபோய் வையுங்கள். காலை பத்து மணிக்குப் பூசுங்கள், இரவும் அந்த அறை குளிராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மார்ச் வரை காத்திருக்க முடிந்தால் இன்னும் நல்லது.

*

நவம்பரில் மொட்டை மாடியில் ஸ்பிரே வார்னிஷ் அடித்தேன். பால் ஊற்றியது போல் ஆகிவிட்டது. அதிகாலையில்தான் அடித்தேன், வெயிலே இல்லை.
— இளம் ஓவியர், புதுச்சேரி

வெயில் இல்லாததுதான் பிரச்சினை. ஸ்பிரேயில் இருக்கும் கரைப்பான் சட்டென்று ஆவியாகும்போது படத்தின் பரப்பைக் குளிரவைக்கிறது. ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளியே வியர்ப்பது போல, காற்றில் இருக்கும் ஈரம் அந்தக் குளிர்ந்த பரப்பில் நீராகப் படிகிறது. காயாத வார்னிஷுக்குள் அந்த நீர் சிக்கிக்கொள்கிறது. அதுதான் நீங்கள் பார்க்கும் பால். கடலோர ஊர், வடகிழக்குப் பருவமழை, அதிகாலை. மூன்றும் சேர்ந்தால் காற்றையே பிழியலாம். ஒரு நாளில் ஈரப்பதம் மிகுந்திருப்பது விடியலில், குறைந்திருப்பது மத்தியானத்தில்.

நல்ல செய்தி: மழை ஓய்ந்து, காய்ந்த நாளொன்றில் பகல் பன்னிரண்டு மணிவாக்கில், நேர் வெயில் படாத நிழலில் வைத்து, அதே வார்னிஷை மறுபடி மெல்லியதாக ஒரு வீச்சு அடித்துப் பாருங்கள். புதிய கரைப்பான் பழைய பூச்சைச் சற்று இளக்கி ஈரத்தை வெளியே விட்டுவிடும். பெரும்பாலும் தெளிந்துவிடுகிறது.

மாடியைக் கைவிடுங்கள். கடற்காற்று பாதி வார்னிஷை அடுத்த வீட்டுத் துவைத்த துணிக்குக் கொடுத்துவிடும், பதிலுக்கு உப்பையும் மணலையும் கொண்டுவந்து உங்கள் படத்தில் ஒட்டும். மூன்று பக்கம் மறைவுள்ள தாழ்வாரம் நல்லது. ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் டப்பாவைப் பிடித்து, கான்வாஸுக்கு வெளியே தொடங்கி வெளியே முடியும்படி வீசுங்கள். உள்ளேயே தொடங்கினால் அந்த இடத்தில் ஒரு குட்டை நிற்கும். ஒவ்வொரு வீச்சும் முந்தியதன் பாதியின் மேல் விழ வேண்டும். முகத்துக்கு, கரைப்பான் ஆவியைத் தடுக்கும் வடிகட்டி வைத்த முகமூடி வேண்டும். கர்ச்சீப் கட்டிக்கொள்வது திருடர் வேடத்துக்கு மட்டுமே உதவும்.

*

மார்க்கர் பேனாவால் கையெழுத்துப் போட்டேன். வார்னிஷ் பூசியதும் கையெழுத்து கலைந்து ஓடிவிட்டது.
— வாசகி, தஞ்சாவூர்

பிரஷ் அதைக் கரைத்து இழுத்துப் போயிருக்கிறது. கையெழுத்தையும் அக்ரிலிக்கிலேயே, மெல்லிய பிரஷால் போடுங்கள். பேனா, மை, பென்சில், கரி எதையாவது படத்தில் கலந்திருந்தால் பிரஷைத் தொடாதீர்கள். முதலில் ஒரு துண்டில் சோதித்துவிட்டு, லேசான ஸ்பிரே இரண்டு வீச்சு, அது காய்ந்த பிறகே மற்றவை.

*

மேற்கு ஜன்னல் வெயில் படும் சுவர். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வார்னிஷ் பூசினால் கவலையில்லையா?
— வாசகர், மதுரை

குடை பிடித்துக்கொண்டு கடலில் இறங்குவது போல. அந்த வார்னிஷ் வெளுப்பதை மெதுவாக்கும், நிறுத்தாது. ஒளிரும் இளஞ்சிவப்பு போன்ற ஃப்ளோரசன்ட் நிறங்களைப் பயன்படுத்தியிருந்தால் அவற்றுக்குக் கடவுளே துணை. வெயில் படாத சுவர் ஒன்று காலியாக இல்லையா? ஜன்னலுக்கு ஒரு திரைச்சீலை அந்த வார்னிஷை விட மலிவு.

*

டொரன்டோவில் இருக்கும் தங்கைக்கு என் அக்ரிலிக் ஓவியம் ஒன்றை அனுப்ப வேண்டும். வார்னிஷ் பூசிவிட்டுச் சுற்றி அனுப்பலாமா? எப்படிக் கட்டுவது?
— வாசகர், யாழ்ப்பாணம்

இந்தக் கேள்விக்கு என்னை விடத் தகுதியானவள் இல்லை, ஏனென்றால் இதில் நான் வாங்கிய அடி பெரியது. ஒரு சித்திரை மாதம், கோயம்புத்தூரில் ஒரு கண்காட்சிக்காக நான்கு படங்களை வார்னிஷ் பூசி, மூன்றாம் நாளே குமிழித் தாளில் சுற்றிப் பார்சல் பஸ்ஸில் ஏற்றினேன். குமிழிகள் படத்தைப் பார்த்தபடி இருந்தன. மேல் தட்டில் வெயிலில் வெந்துகொண்டே போயிருக்கின்றன. பிரித்துப் பார்த்தபோது நான்கிலும் வரிசை வரிசையாக வட்டங்கள், இட்லித் தட்டில் வைத்து எடுத்தது போல. ஒரு படத்தில் மேகங்கள் இருந்தன. அதை ஒருவர் "நுட்பமான அமைப்பு" என்று பாராட்டினார், நான் மறுக்கவில்லை. மற்ற மூன்றும் என் வீட்டுப் பரணில்தான் இன்னும் இருக்கின்றன.

வார்னிஷ் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்துவிட்டால் காய்ந்துவிட்டது என்று நாம் நினைக்கிறோம். உள்ளே இறுக இரண்டு மூன்று வாரம் எடுக்கும், உங்கள் ஊர்ப் புழுக்கத்தில் இன்னும் கூடுதலாக. அதற்கு முன் எதையும் அதன் மேல் சாத்தக் கூடாது. பிறகும், பளபளப்பு வார்னிஷ் பூசிய இரண்டு படங்களை முகத்தோடு முகம் வைத்தால் ஒன்றையொன்று விடாது. படத்தின் முகத்தில் சிலிக்கோன் பூசிய, ஒட்டாத தாளை வையுங்கள். அதன் மேல்தான் குமிழித் தாள், குமிழிகள் வெளிப்பக்கம் பார்க்க.

சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டி அனுப்புவதானால் வண்ணம் வெளிப்பக்கம் இருக்கும்படி சுருட்டுங்கள். எல்லாரும் பாதுகாப்பு என்று உட்பக்கமாகச் சுருட்டுகிறார்கள், வண்ணம் மடிந்து நசுங்குவது அப்போதுதான். குழாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு நல்லது, வார்னிஷை அங்கே போன பிறகு தங்கை வீட்டில் பூசிக்கொள்ளலாம். இன்னொன்றையும் தங்கையிடம் சொல்லிவிடுங்கள். இங்கே வெயிலில் மெத்தென்று இருந்த அதே அக்ரிலிக் டொரன்டோ மாசியில் அப்பளமாக இருக்கும். பார்சல் வந்த வேகத்தில் பிரித்து விரித்தால் நொறுங்கும். ஒரு நாள் முழுக்க வீட்டுச் சூட்டில் அப்படியே கிடக்கட்டும், பிறகு பிரிக்கட்டும்.

*

இருபது வருடத்துக்கு முன் வரைந்த அக்ரிலிக் படம், வார்னிஷ் பூசவில்லை, அழுக்கேறியிருக்கிறது. இப்போது பூசலாமா? எல்லாப் படத்துக்கும் வார்னிஷ் கட்டாயமா?
— வாசகர், சேலம்

அழுக்கின் மேல் பூசினால் அழுக்கையும் சேர்த்துப் பாதுகாப்பீர்கள். முதலில் மெல்லிய, காய்ந்த பிரஷால் தூசியைத் தட்டுங்கள். பிசுக்கு இருந்தால் அத்தோடு நிறுத்திவிட்டு, பழைய படங்களைச் செப்பனிடத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். பெரிய அருங்காட்சியகங்களே அக்ரிலிக் படங்களைத் துடைப்பதற்கு முன் பல முறை யோசிக்கின்றன. லண்டனின் டேட் இதற்கென்றே வருடக்கணக்கில் ஆய்வு நடத்தியது.

கட்டாயம் இல்லை. ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு பூசாத வெறும் கான்வாஸில் வண்ணத்தைத் தண்ணீராக ஊறவைத்து வரைவார்கள் அல்லவா, அதன் அழகே துணியின் வறட்சிதான். அதற்கு வார்னிஷ் பூசுவது கதர்ச் சட்டைக்கு எண்ணெய் தடவுவது போல. அப்படிப்பட்ட படத்தைக் கண்ணாடிக்குள் வையுங்கள். கண்ணாடி படத்தைத் தொடாமல் இருக்க, நடுவில் விரற்கடை இடைவெளி விடச் சொல்லுங்கள். சட்டம் போடுபவர்கள் விடமாட்டேன் என்பார்கள், எங்கள் அப்பாவும் அப்படித்தான், நின்று பார்த்து வாங்கி வாருங்கள்.

*

படத்தின் பின்புறம் என்ன எழுத வேண்டும் என்று ஒருமுறை சொன்னீர்களே?
— வாசகி, காரைக்குடி

துணியில் எழுதாதீர்கள், முன்பக்கம் ஊறிவரும். சட்டத்தின் மரத்தில் பென்சிலால் எழுதுங்கள். வண்ணம் எது, இடைப்பூச்சு உண்டா, வார்னிஷின் பெயர், எத்தனை பூச்சு, மாதம், வருடம், எதைக் கொண்டு கழற்றுவது. என் படங்களில் அதோடு அன்றைய வானிலையையும் எழுதுகிறேன். ஒரு மரத்தில் "மழை. பூசியிருக்கக் கூடாது" என்று இருக்கிறது.